கேட்க ஆளில்லை

தொழில் தொடக்கப் பூசைக்கு வாங்கிய பன்றித் தலையை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்று பாங் தேஹோ யோசித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் சோ யுரிம் மடிக்கணினியைத் திறந்து மின்மடலின் ‘எங்களைப் பற்றி’ பக்கத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்தாள். பிழை ஏதாவது கண்ணில் படுகிறதா என்று பார்க்கத்தான் திறந்தாள். பிழை ஒன்றும் இல்லை. எழுதியது எழுதியபடியே இருந்தது. ஆனால் அடியில், அவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், கைகட்டிச் சிரிக்கும் தேஹோவின் படம் இருந்தது. படத்துக்குக் கீழே ‘பாங் தேஹோ, ஆசிரியர்’. அதற்கும் கீழே, கண்ணாடி போட்டால்தான் தெரியும் என்கிற அளவில், ‘உதவி: சோ யுரிம்’.

அவள் பக்கத்தை மேலே தள்ளி, மறுபடியும் கீழே வந்து பார்த்தாள்.

‘புரியும்படி’ என்ற அந்த மின்மடல் அன்று நண்பகலில் வெளிவர இருந்தது. மாநகராட்சியும் வட்ட அலுவலகமும் சுவரில் ஒட்டுகிற, வீட்டுக்கு அனுப்புகிற அறிவிப்புகளை எடுத்து, படித்தவனுக்கே தலைசுற்றும் அந்த மொழியைப் பிரித்துப்போட்டு, சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி வாரம் ஒருமுறை எழுதி அனுப்புவதுதான் வேலை. இதை நடத்துகிறவர்கள் யார், எதற்காக நடத்துகிறார்கள் என்று சொல்வது ‘எங்களைப் பற்றி’ பக்கம். அதை எழுதும் பொறுப்பை தேஹோ யுரிமிடம் விட்டிருந்தார். அவளும் எழுதினாள். கதை அவளுடைய அம்மாவின் கதை.

இஞ்சியோன் பழைய சந்தை முனையில் அம்மாவுக்கு ஒரு தொக் கடை இருந்தது. அரிசி மாவை ஆவியில் வேகவைத்து, பயறு தூவி, வெட்டி விற்கிற சின்னக் கடை. ஒருநாள் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. சந்தையை இடித்துக் கட்டப்போகிறார்கள். மறுப்பு இருப்பவர்கள் இந்தத் தேதிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தவர்களுக்குப் புதுக் கட்டடத்தில் இடம் உண்டு. இவ்வளவுதான் விஷயம். ஆனால் தாளில் இருந்ததைப் படித்தால் இது புரியாது. அம்மாவுக்கும் புரியவில்லை. தேதி போனது, கடையும் போனது. இப்போது அவள் வேறொருவர் கடையில் கூலிக்கு மாவு இடிக்கிறாள். இந்த மாதிரி இன்னொரு அம்மாவுக்கு நடக்கக் கூடாது, அதற்காகத்தான் இந்த மடல் என்று யுரிம் எழுதியிருந்தாள். படித்த தோழி ஒருத்தி அழுதேவிட்டாள்.

இப்போது அந்த அம்மா தேஹோவின் அம்மாவாகிவிட்டாள். ஒரு படத்தையும் பெயரையும் மாற்றிய மாத்திரத்தில் பெற்ற தாய் கைமாறிப் போனாள். போதாக்குறைக்கு, பூசைக்கு வைக்க, ஆவியில் வெந்த சிருதொக் பலகாரம் வேண்டுமென்று யுரிம்தான் அம்மாவைக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். எந்த நிமிஷமும் அம்மா படியேறி வரலாம்.

யுரிம் எழுந்து போய், சீனியர், கீழே உங்கள் படம் இருக்கிறதே என்றாள். தேஹோ பன்றித் தலையிலிருந்து கண்ணை எடுக்காமல், நன்றாக வந்திருக்கிறதா என்று கேட்டார்.

இந்த இடத்தில் தேஹோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை. பழைய பத்திரிகையில் யுரிம் எழுதிய ஒரு செய்தியைப் போடக் கூடாதென்று மேலிடம் சொன்னபோது, போட்டே தீருவேன் என்று நின்று, அவளோடு சேர்ந்து வேலையை விட்டு வெளியே வந்தவர். காலை வானொலியில் பேசிப் பேசி ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த குரல். மடலுக்கு முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் குரலை நம்பிக் கொடுத்தவர்கள். இந்த அறைக்கு வந்த முதல் நாளே, இங்கே சீனியர் ஜூனியர் கிடையாது, பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று அறிவித்தார். தனக்குக் கரடி என்று வைத்துக்கொண்டார், அவளுக்குச் சிட்டு. அன்றிலிருந்து கரடி சொல்லும், சிட்டு ஓடிப்போய் காப்பி வாங்கி வரும். யுரிமுக்கும் ‘சீனியர்’ வாயிலிருந்து போகவே இல்லை.

“நான் ஒரு வரிகூட மாத்தல,” என்றார் தேஹோ. “மடலுக்கு ஒரு முகம்தான் இருக்கணும் யுரிம். ரெண்டு பேர் கதையைச் சொன்னா ஒண்ணும் நிக்காது. ‘நான்’னா அது நானும் இல்ல, நீயும் இல்ல, மடல். அப்படி எடுத்துக்கோ.”

“எங்கம்மா இப்ப வருவாங்க.”

“வரட்டுமே.”

“அவங்க கதை, சீனியர்.”

அப்போதுதான் தேஹோ திரும்பினார். கையைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“சரி, உன் பேரையே போடறேன்னு வெச்சுக்கோ. ‘கேட்கப் பக்கத்தில் ஆளில்லை’ன்னு ஒரு வரி எழுதியிருக்க பாரு. பொண்ணு ரிப்போர்ட்டர், அதே ஊர்ல. படிக்கிறவன் முதல்ல என்ன கேப்பான்? அப்ப நீ எங்க போயிருந்தேன்னு கேப்பான். என் பேர்ல இருந்தா அந்தக் கேள்வி வராது. எங்கம்மா இருக்கறது புசான்ல, நான் இங்க.”

யுரிம் பேசாமல் நின்றதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பன்றித் தலைக்குத் திரும்பிவிட்டார். சிரித்த முகமாகப் பார்த்து வாங்கிய தலை அது. வாசலைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று முடிவு செய்தார்.

அந்த வரியை யுரிம் எத்தனையோ தடவை படித்திருக்கிறாள். படிக்கும்போதெல்லாம் அந்த இடத்தில் மட்டும் கண் வேகமாகத் தாண்டிப் போகும். ஆள் இருந்தது. தாள் ஒட்டப்பட்ட அன்றே அம்மா அதைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பியிருந்தாள். கோணல்மாணலான படம், ஓரத்தில் கடைத் தராசும் விழுந்திருந்தது. கூடவே ஒரு வரி: ‘இது என்னனு பாரு.’ யுரிம் அப்போது மாநகராட்சி நிருபர் கூட்டத்தில் இருந்தாள். கைகூப்பும் குண்டு முயல் பொம்மைப் படம் ஒன்றை ஃபோனில் பதிலாக அனுப்பிவிட்டு, சாயங்காலம் பார்க்கிறேன் என்று எழுதினாள். சாயங்காலம் வேறு வேலை வந்தது. அவ்வளவுதான். அம்மா அதற்கப்புறம் கேட்கவில்லை. கடை போன பிறகும் அதைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. மகளும் எடுக்கவில்லை.

ஆக, தேஹோவின் பெயர் இருந்தால் அது திருட்டு, தன் பெயர் இருந்தால் அது பொய். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் பாதி அவர் மேல் இல்லை என்பது அவளுக்கே தெரிந்தது. அது இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

விருந்தாளிகள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். கீழே இரும்புக் கடை வைத்திருக்கும் கூ, பழைய பத்திரிகை நண்பர்கள் சிலர், மடலுக்கு முதல் வருஷம் ஆதரவு தருகிற அறக்கட்டளையின் இயக்குநர் திருமதி மின். பூசை முறையெல்லாம் கூவுக்குத்தான் அத்துப்படி. காய்ந்த மீனில் நூல் சுற்றிக் கதவுக்கு மேல் தொங்கவிட்டார். மெழுகுவர்த்தி, அரிசிக் கள், பேரிக்காய் எல்லாம் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று எல்லாரையும் விரட்டினார். கடைசியில், சாமிக்கு வாசிக்கிற விண்ணப்பம் எங்கே என்று கேட்டார். எந்த ஊரில், எந்தத் தெருவில், யார், என்ன தொழில் தொடங்குகிறோம் என்று சாமிக்குச் சொல்லாமல் காரியம் நடக்காது.

தேஹோ இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி ஒரு தாளை நீட்டினார். வழக்கமான விண்ணப்பத்தில் இருக்கிற பழைய சீனச் சொற்கள் சாமிக்கே புரியுமோ என்னவோ. ‘புரியும்படி’ என்று பெயர் வைத்துக்கொண்டு அதை வாசித்தால் ஊர் சிரிக்கும். ஆகையால் எங்களைப் பற்றிய பக்கத்தையே வாசிக்கப்போகிறோம் என்றார். திருமதி மின் கைதட்டினார். யோசனை நல்ல யோசனைதான், அதை மறுக்க முடியாது.

“யார் வாசிக்கறது?” என்றார் கூ. “தலைவர் நீங்க குப்புற விழுந்து கும்பிடணும். வாசிச்சு முடியற வரைக்கும் நெத்தி தரையை விட்டு வரக் கூடாது, வாயும் திறக்கக் கூடாது. நடுவுல நின்னா தொழில் நின்ன மாதிரி.”

“யுரிம் வாசிப்பா,” என்றார் தேஹோ.

தொண்டை சரியில்லை என்று யுரிம் சொல்லிப் பார்த்தாள். எழுதினவளே வாசித்தால்தான் அழகு என்று தேஹோ பெருந்தன்மையாகச் சொன்னார். எழுதினவள் என்று நாலு பேர் முன்னால் சொன்னதே பெரிய மரியாதை என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

அப்போது படியில் சத்தம் கேட்டது. அம்மா வந்துவிட்டாள்.

அம்மா ஓக்புன் குள்ளமான உருவம். கல்யாணத்துக்குப் போகிற ஊதா மேல்சட்டை போட்டிருந்தாள். பருத்தித் துணியில் கட்டிய வேகுபாத்திரத்தை இடுப்பில் இடுக்கியிருந்தாள். ஆவி இன்னும் வந்துகொண்டிருந்தது. யுரிம் ஓடிப்போய் வாங்கிக்கொண்டு, வேலைக்கு நேரமாகவில்லையா, வாசலில் டாக்சி நிற்கிறதா, நீ போவதென்றால் போ என்றாள். மகள் தன்னை விரட்டுகிறாள் என்று அம்மாவுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை.

“அரை நாள் லீவு சொல்லிட்டேன்,” என்றாள் அம்மா. “ஏன், நான் இருந்தா உனக்குக் கௌரவக் குறைச்சலா?”

“அதில்லம்மா.”

“அப்புறம் என்ன, இப்படிப் பரபரக்கற? தொக்கைக் கீழ போட்டுடாத.”

அம்மா பன்றித் தலையைச் சுற்றிவந்து பார்த்து, நல்ல சிரிப்பு என்று பாராட்டினாள். மேல்சட்டைக்குள்ளிருந்து காணிக்கைப் பணம் வைத்த ஒரு உறையை எடுத்துப் பன்றியின் வாயில் செருகினாள். பிறகு கதவோரம் போய், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். யுரிம் தேஹோவைப் பார்த்தாள். தேஹோ அம்மாவைப் பார்த்தார். அவர் முகத்திலும் ஒரு நொடி சங்கடம் வந்து போனது. ஆனால் திருமதி மின் கடிகாரத்தைப் பார்த்தார், கூ கள்ளை ஊற்றிவிட்டார். நண்பகலுக்குள் முடித்தாக வேண்டும். தேஹோ பாயில் மண்டியிட்டு, கையை விரித்து, நெற்றியைத் தரையில் வைத்தார்.

யுரிம் தாளைப் பிரித்தாள்.

ஊர், தெரு, தேதி வாசித்தாள். அதுவரை குரல் நன்றாகவே வந்தது. தொழிலின் பெயர் வாசித்தாள். ‘என் அம்மாவுக்குச் சந்தை முனையில் ஒரு தொக் கடை இருந்தது’ என்று ஆரம்பித்தபோது கதவுப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது, அம்மா நிமிர்ந்துவிட்டாள் என்று. கண்ணாடிப் பெட்டி, விடியற்காலை ஆவி, கதவில் ஒட்டிய தாள், ஒவ்வொன்றாக வந்தது. பழைய நண்பர் ஒருவர், தேஹோவின் அம்மா தொக் கடையா வைத்திருந்தார் என்று பக்கத்திலிருந்தவரிடம் கிசுகிசுத்தார். அந்தக் கிசுகிசு அறை முழுக்கக் கேட்டது. கதவோரம் நின்றவளுக்கும் கேட்டிருக்கும்.

யுரிம் மேலே வாசித்தாள். ‘அம்மா அந்தத் தாளை மூன்று தடவை படித்தார். புரியவில்லை. கேட்க...’

நின்றுவிட்டாள்.

மெழுகுவர்த்தி படபடத்தது. கூ தொண்டையைக் கனைத்தார். கீழே கிடந்த தேஹோவின் விரல் ஒன்று பாயில் மெல்லத் தட்டியது: போ, போ. யுரிம் அந்த விரலைப் பார்த்தாள். இவருக்கு என்ன, குப்புறப் படுத்துக் கிடக்கிறார், அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் இவ்வளவு நாளும் தானும் அதைத்தானே செய்தோம் என்று தோன்றியது. இப்போது நிமிர்ந்து பார்த்தாள். அம்மா கோபமாக இல்லை. பயந்திருந்தாள். அடுத்த வரி என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. தன்னைப் பற்றி என்ன சொல்லப்போகிறார்களோ என்று பைப்பிடியை முறுக்கிக்கொண்டிருந்தாள். யுரிமால் அதைத் தாங்க முடியவில்லை.

“கேட்க ஆள் இருந்தது,” என்று வாசித்தாள். தாளில் அப்படி இல்லை. “மகள் இருந்தாள். அதே ஊரில், பத்திரிகையில். அம்மா படம் எடுத்து அனுப்பி, இது என்னவென்று பார் என்று கேட்டார். மகள் சாயங்காலம் பார்க்கிறேன் என்று எழுதினாள். பார்க்கவில்லை. அந்த மகள் நான். என் பெயர் சோ யுரிம். அம்மாவின் பெயர் ஓக்புன். கடை போனது அந்தத் தாளால் மட்டும் இல்லை.”

தேஹோவின் விரல் தட்டுவதை நிறுத்தியது. முதுகு இறுகியது. எழுந்துவிடுவார் என்றுதான் யுரிம் நினைத்தாள். எழவில்லை, எழவும் முடியாது. நடுவில் நின்றால் தொழில் நின்ற மாதிரி என்று கூ அவர் தலைக்கு நேராகவே நின்றுகொண்டிருந்தார். யுரிம் மிச்சத்தைத் தாளில் இருந்தபடியே வாசித்தாள். கடைசியில் இருந்த பெயரை மட்டும் வாசிக்கவில்லை.

“முடிஞ்சுது. எந்திரிக்கலாம்,” என்றார் கூ.

தேஹோ எழுந்தார். நெற்றியில் பாயின் கோடுகள் பதிந்திருந்தன. முகம் சிவந்து போயிருந்தது, அது குனிந்து கிடந்ததால் மட்டும் இல்லை. திருமதி மின் தேஹோவையும் யுரிமையும் மாறி மாறிப் பார்த்தாரே தவிர, ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் ஒருவிதத்தில் கேட்பதுதான். தேஹோ மடிக்கணினி இருந்த மேஜைக்குப் போய் அதைப் பார்த்தபடி நின்றார். தன்னை நாலு பேர் முன்னால் கவிழ்த்துவிட்டாள் என்று அவர் நினைத்தால் அதில் தப்பில்லை, அவள் செய்தது அதுதான். இனி இந்த அறையில் தனக்கு இடம் உண்டோ இல்லையோ என்று யுரிம் நினைத்தாள். வாசித்த தாளை எரித்துவிட வேண்டும், அதுதான் முறை. கூ கையை நீட்டினார்.

“எரிக்காதீங்க,” என்றாள் அம்மா.

எல்லாரும் திரும்பினார்கள். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். இத்தனை பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாததால் பன்றித் தலையைப் பார்த்தே பேசினாள்.

“அதுல ஒண்ணு விட்டுப்போச்சு. நான் ரெண்டாவது தடவை கேக்கல. அவ மறந்துட்டான்னு எனக்குத் தெரியும். ஃபோனைக் கையில எடுத்து எடுத்து வெச்சேன். பத்திரிகைக்காரியோட அம்மாவுக்கு ஒரு தாள் படிக்கத் தெரியலன்னா வெக்கமா இருக்காதா? அதான் கேக்கல. அவ மேல மட்டும் போட்டு எழுதினா அதுவும் பொய்தான்.”

யுரிமுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு காலம் அம்மா தன்னைக் குற்றம் சொல்லாமல் இருந்தது பெருந்தன்மை என்று நினைத்திருந்தாள். அது வெட்கம். தன் வெட்கத்தை மறைக்க அவள் வாயை மூடிக்கொண்டிருக்க, மகளும் அதே காரணத்துக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மேஜைப் பக்கமிருந்து தேஹோவின் குரல் வந்தது. கரகரப்பாக இருந்தது.

“அதான் முதல் வரி.”

யுரிமுக்குப் புரியவில்லை.

“‘ரெண்டாவது தடவை கேக்க வெக்கப்படறவங்களுக்காக.’ அதை மேல போடு. மத்ததெல்லாம் அதுக்குக் கீழ,” என்றார். முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் இருபது வருஷமாகச் செய்தி திருத்திய கை, நல்ல வரி கேட்டதும் சும்மா இருக்குமா? நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தன் படத்தை எடுத்துவிட்டார். பெயரை அழித்தார். கொஞ்சம் யோசித்து, ‘உதவி’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தன் பெயரைப் போட்டார். பிறகு மடிக்கணினியை அவள் பக்கம் தள்ளினார்.

“கீழ உன் பேரை நீயே அடி. கேள்வி வந்தா பதிலும் நீதான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்.” எழுந்து நகர்ந்தவர் நின்றார். “இதைக் காலைல எங்கிட்ட சொல்லியிருக்கலாம் நீ.”

“சொல்லியிருக்கலாம், சீனியர்,” என்றாள் யுரிம்.

அவர் மேலங்கியை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தார். பூசை வீட்டில் சாப்பிடாமல் போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அம்மா வழிமறித்தாள். சூடான தொக்கில் ஒரு துண்டை வெட்டி, தாளில் சுற்றக்கூட இல்லாமல், அவர் கையில் வைத்து அழுத்தினாள்.

“வெறும் வயித்தோட இத்தனை நேரம் குப்புறக் கெடந்தீங்க. சாப்பிட்டுட்டுக் கோவிச்சுக்கங்க, எடிட்டர் தம்பி.”

தேஹோ வாங்கிக்கொண்டார். உட்காரவில்லை, போகவும் இல்லை. கதவோரம், அவள் நின்றிருந்த இடத்திலேயே நின்று மென்றார்.

யுரிம் முதல் வரியை அடித்தாள். தன் பெயரை அடித்தாள். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது, மடல் பிந்திவிட்டது. அனுப்பும் விசையை அழுத்தக் கையை நீட்டியபோது அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். கைப்பையைத் திறந்தாள். உள்ளே, நாலாக மடித்து மடித்து ஓரம் நைந்து போன ஒரு தாள் இருந்தது. அந்தச் சந்தைத் தாள் இல்லை, வேறொன்று; வட்ட அலுவலகத்தின் முத்திரை மேலேயே தெரிந்தது. எப்போதிருந்து அதைச் சுமந்துகொண்டு அலைகிறாளோ.

“யுரிம்,” என்றாள். “இது என்னனு பாரு.”

ஆட்கள் தட்டோடு காத்துக்கொண்டிருந்தார்கள். தொக் ஆறிக்கொண்டிருந்தது. பெயர் கொடுத்தவர்கள் எங்கெங்கோ உட்கார்ந்து மடலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். யுரிம் விசையிலிருந்து கையை எடுத்தாள். தாளை வாங்கி, தரையிலேயே உட்கார்ந்து, மடிப்பைப் பிரித்து, முதலில் தேதியைத் தேடினாள்.

கெடு முடிய இன்னும் நாள் இருந்தது.